மூன்று மணி மயக்கம்: பாரிமுனை அலுவலகங்களில் காற்று படும் பாடு

‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்பார்கள். மூன்று மணிக்குக் கணினி முன்னால் தலை ஆடினால் பழியைச் சாம்பார் சாதத்தின் மேல் போட்டுவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. சாப்பிட்ட பின் ஒரு தளர்ச்சி எல்லா உடம்புக்கும் வரும். ஆனால் அதே தலைபாரம் காலை பதினொன்றரைக்கே, டீ வருவதற்கு முன்பே வருகிறதென்றால், பூட்டிய அறைக்குள் பன்னிரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வடசென்னையில் பாரிமுனையைச் சுற்றியுள்ள தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, மண்ணடி, ராயபுரம் பக்கத்துக் கட்டடங்களின் அமைப்பை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். தெருப்பக்கம் அகலம் குறைவு, உள்ளே நீளம் அதிகம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் என்று இருந்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பழைய வீடுகளில் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. சூடான காற்று அதன் வழியே மேலே ஏறும், தெருக்காற்று கீழே உள்ளே வரும். வீடு, துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்சி அலுவலகமாகவும் ஆடிட்டர் அலுவலகமாகவும் மாறியபோது முற்றத்துக்கு மேல் ஷீட் போட்டு அதையும் ஓர் அறையாக்கினார்கள். பிறகு ஏசி வந்தது, ஜன்னலும் மூடப்பட்டது. இப்போது இருப்பது ரயில் பெட்டி மாதிரி ஓர் அறை. வாசல் கதவு திறக்கும்போது மட்டும் அது மூச்சு விடும்.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இது பலருக்குத் தெரியாது. மொட்டை மாடியில் ஓடும் பெட்டிக்கும் சுவரில் தொங்கும் பெட்டிக்கும் நடுவே போவது செம்புக் குழாய்கள். அவற்றுக்குள் ஓடுவது குளிர்பொருள். அறையில் இருக்கிற காற்றையே உள்ளிழுத்து, குளிர்வித்து, திருப்பி விடுகிறது. பழைய ஜன்னல் ஏசியிலாவது ‘வென்ட்’ என்று ஒரு குமிழ் இருந்தது, சுற்றிலும் இடுக்கு இருந்தது. ஸ்ப்ளிட் வந்த பிறகு அந்தச் சின்ன ஓட்டையும் அடைபட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறை 4,800 கன அடி, அதாவது ஏறத்தாழ 136 கன மீட்டர். அதில் 12 பேர் என்றால் ஆளுக்கு 11 கன மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று வகுத்தது, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலுள்ள உயரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னது. அந்தச் சட்டம் அலுவலகத்துக்காக வகுத்ததல்ல என்றாலும் அளவுகோல் நல்ல அளவுகோல்தான். அதன்படி இந்த அறை 9 பேருக்கு உரியது.

உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 12 பேருக்கு 216 லிட்டர். அறை முழுக்க அடைபட்டிருந்தால் மணிக்கு 1,500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) மேல் ஏறும். கதவிடுக்கு, குழாய்த் துளை இவற்றால் ஏற்றம் குறையும். ஆனாலும் பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் 2,000-ஐத் தாண்டுவது இப்படிப்பட்ட அறைகளில் அதிசயமில்லை. வெளிக்காற்றில் இருப்பது 420 அளவுதான்.

இதனால் வேலை கெடுமா? 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரைக் கட்டுப்பாட்டில் உள்ள ஓர் அலுவலக அறையில் ஆறு நாள் வேலை செய்யவைத்து, அவர்களுக்குத் தெரியாமல் காற்றை மாற்றிப் பார்த்தார்கள். கரியமில வாயு 550-லிருந்து 945 ஆனபோது முடிவெடுக்கும் திறனுக்கான மதிப்பெண் 15 சதவீதமும், 1,400 ஆனபோது 50 சதவீதமும் குறைந்தது. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வில் அமெரிக்க நீர்மூழ்கி வீரர்களுக்கு 15,000 பிபிஎம் வரை கொடுத்தும் இதே வகைத் தேர்வில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கரியமில வாயுவே மூளையை மழுக்குகிறது என்று அடித்துச் சொல்வது அவசரம். பழைய காற்றில் அது மட்டுமா இருக்கிறது? வியர்வை, பசை, பெயின்ட், பிரிண்டர் தூள், இருமினவரின் எச்சில் துளி எல்லாமே அதனுடன் சேர்ந்துதான் தேங்குகின்றன. டென்மார்க்கில் 1999-ல் ஒரு சோதனை. இருபது வருடப் பழைய தரைவிரிப்பை ஒரு தட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. தட்டச்சு வேகம் 6.5 சதவீதம் குறைந்தது. கரியமில வாயு எண்ணை வீட்டில் வைத்திருக்கும் காய்ச்சல்மானி போலப் பார்ப்பதுதான் சரி. நோய் எதுவென்று அது சொல்லாது. காற்று மாறவில்லை என்பதைச் சொல்லிவிடும்.

லீவு விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரே நிறுவனத்தின் 3,720 ஊழியர்களைப் பார்த்த 2000-ஆம் ஆண்டு ஆய்வு, ஆளுக்கு நொடிக்கு 24 லிட்டர் வெளிக்காற்று கிடைத்த பகுதிகளைவிட 12 லிட்டர் கிடைத்த பகுதிகளில் குறுகிய கால நோய் விடுப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கண்டது. நமது பூட்டிய அறைகளில் நொடிக்கு 2 லிட்டர் கிடைத்தாலே பெரிது. ஒருவருக்கு ஜலதோஷம் வந்தால் வாரத்துக்குள் வரிசையாக எல்லோருக்கும் வருவதன் ரகசியம் இதுதான்.

ஜன்னலைத் திற என்பது பாதி யோசனை

தென்சென்னையின் பெசன்ட் நகரில் இருப்பவருக்கு ‘ஜன்னலைத் திறங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் அதைச் சொல்லும் முன் யோசிக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, மணலி ஆலைகள், எண்ணூர் மின் நிலையங்கள், கொடுங்கையூர் குப்பை மேடு எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் அருகே உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை.

ஆனாலும் காற்று எல்லா நேரமும் ஒரே மாதிரி இல்லை. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து நுழையும். கடலோரத் தெருக்களுக்கு அது முதலில் கிடைக்கும். அப்போது கிழக்கு ஜன்னலைத் திறந்தால் லாபம். ஐப்பசி முதல் தை வரை வாடை வீசும்போது எண்ணூர், மணலிப் புகை தெற்கே ராயபுரம் பக்கம் தள்ளப்படும். குளிர்கால விடியலில் புகை மேலே ஏறாமல் தரையோடு தங்கும், ஒன்பது பத்து மணிக்குத்தான் கலையும். போகி காலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. பிஎம் 2.5 என்னும் நுண்தூசிக்கு இந்திய வரம்பு ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. பிஎம் 2.5 அளவு 60 மைக்ரோகிராமைத் தாண்டிய நேரத்தில் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

அப்படியானால் உள்ளே தேங்கல், வெளியே புகை. நடுவே இருக்கும் வழி வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளுவது. இதற்குப் பெரிய சென்ட்ரல் ஏசி தேவையில்லை. ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று வைத்தால் 12 பேருக்கு மணிக்கு 432 கன மீட்டர். இந்த அளவைத் தரும் குழாய் விசிறி ஒன்று, அதன் முன்னால் ஒரு வடிகட்டிப் பெட்டி. பெட்டிக்குள் முதலில் கழுவக்கூடிய நைலான் வலை, அடுத்து நுண்தூசியையும் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி. வடிகட்டி 2 அடிக்கு 2 அடி இருக்கட்டும். சின்ன வடிகட்டி வைத்தால் காற்று இறுகிப் போகும், விசிறி கத்தும், பெட்டியில் அச்சிட்ட கன மீட்டரில் பாதிகூட உள்ளே வராது. விசிறி வாங்கும்போதே தேவையைவிட ஒன்றரை மடங்கு பார்த்து வாங்கி வேகக் கட்டுப்பாட்டுடன் ஓட்டுவது நல்லது.

காற்று எடுக்கும் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். தெரு மட்டத்தில் வேண்டாம். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கும் பக்கத்துக் கட்டடத்தின் கழிப்பறை வென்டுக்கும் அருகில் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடி அல்லது பின்பக்கத்து உயரம் சரி; மழை இறங்காமல் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும், கொசுவலை கட்டாயம். உள்ளே காற்று விழும் இடம் அறையின் ஒரு கோடி என்றால் வெளியேறும் இடம் மறுகோடி. இரண்டும் அருகருகே இருந்தால் புதுக் காற்று வந்த வழியே வெளியே போய்விடும், நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இதைவிடச் சாதாரணமான தவறு, எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். வழி விடாவிட்டால் மாடிப்படி, கழிப்பறை, தண்ணீர் காய்ந்துபோன தரைச் சல்லடை எது கிடைக்கிறதோ அதன் வழியே இழுக்கும். ‘ஃபேன் போட்டதிலிருந்து சாக்கடை நாற்றம்’ என்ற புகார் இப்படித்தான் வருகிறது. உள்ளே தள்ளுவது வெளியே எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் அறைக்காற்று இடுக்குகள் வழியாக வெளியேதான் கசியும், தெருப்புகை உள்ளே வராது. கழிப்பறை விசிறி மட்டும் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இடமில்லாத வாடகைக் கட்டடம் என்றால் ஏர் பியூரிஃபயர் தூசியைக் குறைக்கும். 136 கன மீட்டர் அறைக்காற்றை மணிக்கு ஐந்து முறை வடிகட்ட என்றால் மணிக்கு 680 கன மீட்டர் திறன் வேண்டும். ஒரு பெரியது அல்லது இரண்டு நடுத்தரம். ஆனால் கரியமில வாயு அதனால் ஒரு துளியும் குறையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முன், பின் கதவுகளைப் பத்து நிமிடம் திறந்து வைப்பது கூடவே நடக்க வேண்டும்.

அளப்பது, செலவு பார்ப்பது

கரியமில வாயு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிகவும் மலிவான சில கருவிகள் வேறு ஆவிகளை அளந்து அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். அருகில் சானிடைசர் தடவிப் பாருங்கள். எண் குபீரென்று ஏறினால் அது போலி. ‘என்டிஐஆர்’ என்ற அகச்சிவப்பு உணரி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதும் மொட்டை மாடியில் 20 நிமிடம் வைத்தால் 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். அறையில் யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், மேசை உயரத்தில் வைத்துப் பதினொன்றரைக்கும் நாலரைக்கும் ஒரு வாரம் குறித்துக்கொண்டால் போதும். 1,000-க்குள் என்றால் நிம்மதி. 1,500-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. எல்லோரும் கிளம்பிய பிறகு கருவியை அப்படியே விட்டுவிட்டால் இன்னொன்றும் தெரியும். 1,620-லிருந்து 860-க்கு இறங்க ஒரு மணி நேரம் ஆனால் அறைக்காற்று மணிக்கு ஒருமுறைதான் மாறுகிறது.

முதலாளி கேட்கும் கேள்வி கரன்ட் பில். நியாயமான கேள்வி. வெளியே 35 டிகிரி வெயிலும் கடலோர ஈரமும், உள்ளே 26 டிகிரி என்றால், மேற்சொன்ன 432 கன மீட்டரைக் குளிர்விக்கச் சுமார் 1.2 டன் ஏசித் திறன் கூடுதலாகத் தேவைப்படும். இதில் பாதிக்கு மேல் சூட்டைக் குறைப்பதற்கல்ல, ஈரத்தை இறக்குவதற்கு. மணிக்கு நாலு லிட்டர் தண்ணீர் ஏசியின் வடிகுழாயில் கூடுதலாக வடியும். நல்ல இன்வெர்ட்டர் ஏசியில் கடும் வெயில் நாளில் 10, 11 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் மூவாயிரத்துக்குள். 12 பேருக்குத் தலா 20,000 சம்பளம் என்றால் மொத்தம் 2,40,000. அதில் ஒரு சதவீதம் 2,400. பன்னிரண்டு பேரின் வேலையில் ஒன்றேகால் சதவீதம் கூடினாலே செலவு கழிந்துவிடும்.

பாரிமுனைத் தொழிலில் இதைவிட நேரடியான கணக்கு ஒன்று உண்டு. கிளியரிங் அலுவலகத்தில் உற்பத்தி என்பது டைப் செய்த பக்கங்களின் எண்ணிக்கை இல்லை, தவறில்லாமல் போடும் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம். எட்டு இலக்க சுங்கக் குறியீட்டில் ஒரு இலக்கம் மாறினால் திருத்த மனு, காத்திருப்பு, கன்டெய்னருக்கு டெமரேஜ் என்னும் தாமத வாடகை. தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் மூன்று நாளைக்குத் தினம் 5,000 ரூபாயும் அதன்பின் தினம் 10,000 ரூபாயும் என்று 2017-ல் கட்டணம் வைத்தார்கள். மாலை ஐந்து மணி அவசரத்தில், தலைபாரத்தோடு ஒருவர் எண்களைச் சரிபார்ப்பது எவ்வளவு விலை உயர்ந்த சிக்கனம்!

குளிர், ஈரம், சாம்பிராணி

18 டிகிரியில் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஏசிக்கு நேர் கீழே இருப்பவர் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொள்வார், கோடியில் இருப்பவர் விசிறிக்கொள்வார். 2020 ஜனவரி முதல் விற்கும் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. 26-ல் வைத்துச் சீலிங் ஃபேனை மெதுவாக ஓட்டினால் இரண்டு டிகிரி குறைந்தது போன்ற சுகம் கிடைக்கும். எல்லா மேசைக்கும் ஒரே மாதிரி பரவும்.

கடலோரத்தில் ஈரம் தனிப் பிரச்சினை. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நிற்குமானால் ஜிப்சம் தட்டியின் பின்புறம், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், பழைய ஃபைல் கட்டுகளில் பூஞ்சை பிடிக்கும். காலையில் கதவைத் திறந்ததும் வருகிற ஊசல் வாடை அதுதான். ரூம் ஸ்பிரே அதற்கு மருந்தில்லை. ஃபைல் அலமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள். ஏசி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும், வடிதட்டில் பாசி படிகிறதா என்று பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகள் பொடிந்து உதிரும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஆயுள் கூடும்.

காலைப் பூஜை பற்றிச் சொன்னால் கோபம் வரலாம். ஆனால் மூடிய ஏசி அறையில் சாம்பிராணியும் ஊதுவத்தியும் ஏற்றுவது வாசலில் லாரியை ஓடவிட்டு நிறுத்துவது போலத்தான். நுண்தூசி மணிக்கணக்கில் தங்கும். பூஜையை விட வேண்டாம். ஏசி போடும் முன், ஜன்னல் திறந்து, விசிறி ஓடும்போது ஏற்றி, இருபது நிமிடம் கழித்து மூடினால் சாமிக்கும் குறையில்லை, ஆஸ்துமாக்காரருக்கும் குறையில்லை.

செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது 1989-ல் நாசா சிறிய மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையைப் பெரிய அறைக்கு நீட்டியதால் வந்த நம்பிக்கை. 2019-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுகணக்குப் போட்டபோது, காற்றோட்டம் செய்வதைச் செடி செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று வந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி, அதற்காக வைக்கலாம். பாட்டிலில் வளரும் மணி பிளான்ட் தண்ணீரை மட்டும் வாரம் தவறாமல் மாற்றுங்கள்; டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

சத்தத்தைப் பொறுத்தவரை, லாரி ஹாரனைவிட வேலையைக் கெடுப்பது பக்கத்து மேசையில் நடக்கும் போன் பேச்சு. பொருள் புரிகிற பேச்சைக் காது விடாது. போன் பேச ஒரு மூலை, மூன்று பக்கம் தட்டி, அவ்வளவே. வெளிச்சத்துக்கு மேசை மீது 300 முதல் 500 லக்ஸ். திரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும், நேரெதிரில் வேண்டாம்.

மேசை உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடையில் கிடைக்கும் மேசை 75 சென்டிமீட்டர். ஐந்து அடி உயரமுள்ள பெண் அதில் தோளைத் தூக்காமல் தட்டச்சு செய்ய இருக்கையை 53 சென்டிமீட்டருக்கு ஏற்ற வேண்டும். அவர் முழங்காலுக்குக் கீழ் உயரமோ செருப்போடு 42 இருக்கலாம். கால் அந்தரத்தில் தொங்கும், தொடையின் அடியில் நாற்காலி விளிம்பு அழுத்தும், மாலையில் கால் மரத்துப்போகும். நாற்காலியை இறக்கினால் கழுத்தும் தோளும் வலிக்கும். பத்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரப்பலகை காலடியில் போட்டால் தீர்ந்தது. விலையுயர்ந்த நாற்காலி வாங்கியும் வலி போகவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பலகையை. கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மொத்த வியாபாரத் தெருக்களில் அந்த ஸ்டூல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் தெரியும்.

கடைசியாகக் கழிப்பறை. பாரிமுனையை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் கட்டடங்களில் அது பெரும்பாலும் மாடிப்படித் திருப்பத்தில், நாலு அலுவலகங்களுக்குப் பொதுவாக இருக்கும். சாவி முதலாளி மேசையில் அல்லது வாட்ச்மேனிடம். கேட்டு வாங்கிப் போகக் கூச்சப்படும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சென்னை வெயிலில் அதன் பலன் மதியத் தலைவலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, அதனால் லீவு. மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தும் இது மாறாது. உள்தாழ்ப்பாள், எரிகிற விளக்கு, வாளியில் தண்ணீர், மூடி போட்ட குப்பைக்கூடை, தினம் இருமுறை கழுவ ஓர் ஆள், யாரையும் கேட்காமல் எடுக்கும்படி வாசல் ஆணியில் இரண்டு சாவி.